மலை ரோட்டில் சாரதியை அளக்கப் போகிறவர்களுக்கு

கம்பஸில் இறுதி வருட ஆய்வுக்கோ முதுமாணிப் பட்டத்துக்கோ சாரதிகளின் நடத்தையைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு மலையகப் பக்கம் வரப்போகிறவர் யாராவது இருந்தால், சாமான் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் போனது, கைக்காசு இரண்டரை லட்சத்தைத் தாண்டிப் போனது, ஒரு நல்ல சாரதியின் வேலையும் போகப் பார்த்தது. காசு போனதைக்கூட மறந்துவிட்டேன், அந்தச் சாரதி விஷயம் இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்கு பஸ் என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பள நாள் சந்தை எல்லாமே அதுதான். அதனால் பொறியியல் படிக்கப் போனபோதே, சாரதி எப்படி ஓட்டுகிறார் என்பதைக் கணக்கில் எழுதி, அந்தக் கணக்கை வைத்து வாகனத்தைத் திருத்தலாம் என்று கேள்விப்பட்டதும் அதுதான் எனக்கு வேலை என்று முடிவு செய்துவிட்டேன். இது வெறும் ஆசை இல்லை, நடந்திருக்கிற காரியம். 1990களில் பெர்லினில் மெர்சிடிஸ் பென்ஸ் ஆட்கள் நிஜ ரோட்டில் ஓட்டுவதுபோலக் காட்டுகிற போலி ஓட்டுக்கூடத்தில் (சிமியுலேட்டர்) சாதாரண சாரதிகளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். திடீரென்று ஆபத்து வரும்போது பெரும்பாலானவர்கள் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கிறார்கள், ஆனால் போதுமான பலத்தோடு மிதிப்பதில்லை என்று தெரிந்தது. பெடலை மிதிக்கும் வேகத்தை வைத்தே இது அவசரம் என்று புரிந்துகொண்டு மிச்ச அழுத்தத்தைத் தானே கொடுக்கிற பிரேக் உதவி அப்படித்தான் 1996இல் காருக்கு வந்தது. மனுசனைத் திட்டாமல், மனுசன் எப்படியோ அதற்கேற்றபடி வாகனத்தை மாற்றினார்கள். எங்கள் ரோட்டில் ஓடுகிற பஸ்களில் ஏராளமானவை லொறிச் சட்டத்தின் மேல் உள்ளூரில் பொடி கட்டியவை. மலை இறக்கத்தில் நம் சாரதி என்ன செய்கிறார் என்று ஒழுங்காக எழுதிக் காட்டினால் அந்த பஸ்ஸில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்கலாமே என்று நினைத்தேன்.

2021 கடைசியில் ஆரம்பித்தேன். 2022 என்ன வருடம் என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. நான் விலை கேட்டு வைத்திருந்த கருவிகள் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. டீசல் இல்லை, பஸ் இல்லை, பஸ் இருந்தாலும் அன்றைக்கு ஓடுமா என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து என் மேற்பார்வையாளரும் வெளிநாடு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மின்னஞ்சல் போட்டால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும், வந்தாலும் இரண்டு வரி. இந்தத் துறை தெரிந்த ஒரு ஆளும் பக்கத்தில் இல்லாமல் ஹட்டன் பஸ் ஸ்டேண்டில் கருவிப் பெட்டியோடு நின்ற அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பல இரவு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் காசு போனது வாகனக் கணினியில் செருகுகிற கருவியில். இயந்திரச் சுழற்சி, வேகம், பெடல் எல்லாவற்றையும் அதுவே எழுதிக்கொள்ளும், எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று விற்றவர் சத்தியம் பண்ணினார். சுங்கத்தில் கிடந்து, வரி கட்டி, அது கைக்கு வந்து பார்த்தால் நான் ஏறப்போகிற பழைய லேலண்ட் பஸ்களில் செருகுவதற்குத் துளையே இல்லை. பழைய டீசல் பம்ப் இயந்திரம், அதற்குள் கணினியே கிடையாது. திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அடுத்தது மின்சாரம். பஸ்ஸிலும் லொறியிலும் 24 வோல்ட், காருக்கு வாங்கிய 12 வோல்ட் சார்ஜர் நிமிசத்தில் கருகி மணந்தது, கூடவே கமராவும் போனது. ஆகவே எதையும் ஓடர் பண்ணுவதற்கு முன் எந்த பஸ்ஸில் ஏறப்போகிறீர்களோ அந்த பஸ்ஸின் மெக்கானிக்கைப் போய்ப் பாருங்கள். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் போதும், எந்த வயரில் எத்தனை வோல்ட், எங்கே ஆணி அடிக்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது எல்லாம் சொல்லிவிடுவார். கமரா வாங்கினால் 12-24 இரண்டுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கருவி கைவிட்டதும் போனை நம்பினேன். எல்லாப் போனிலும் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்த ஒரு நிறுவனம் தங்களிடமிருந்த செயலியையும் தந்தது. திடீர் பிரேக், திடீர் முடுக்கம், கடும் திருப்பம் மூன்றையும் எண்ணி சாரதிக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி போடும். வெளிநாட்டு நெடுஞ்சாலைகளில் நன்றாக வேலை செய்கிறதாம். இங்கேதான் ரொம்பக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இது காசைவிடப் பெரிய நட்டம்.

அந்த உணரிக்கு, வேகம் குறைவதால் வருகிற விசையும் சாய்ந்து நிற்பதால் வருகிற புவியீர்ப்பும் ஒன்றுதான். சமதரையில் பஸ் நிற்கும்போது பூச்சியம் வைத்துவிட்டு, 8 சதவீத இறக்கத்தில் ஒரே வேகத்தில் இறங்கினாலும் செக்கனுக்குச் செக்கன் 0.78 மீற்றர் பிரேக் பிடிப்பதாகவே அது எழுதும். செயலியின் எல்லை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் சாரதி 2.3 அளவுக்கு மெதுவாகப் பிடித்தாலே எல்லையைத் தாண்டியதாகச் சிவப்பு விழும், ஏற்றத்தில் 3.7 அளவுக்கு அடித்துப் பிடித்தாலும் ஒன்றும் விழாது. அப்படியானால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்குகிற ஆள் கெட்ட சாரதி, ஏறுகிற ஆள் நல்ல சாரதி! அதே மனுசன், அதே பஸ். ஜிபிஎஸ் வேகத்தின் மாற்றத்தை எடுத்தால் இந்தச் சாய்வுப் பிரச்சினை வராது, ஆனால் சாதாரணப் போன் செக்கனுக்கு ஒரு புள்ளிதான் எழுதும். 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி முடக்கு ஏறத்தாழ 47 மீற்றர் நீளம், மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் முழு முடக்குக்கும் எட்டு ஒன்பது புள்ளி. அதிலும் ஒரு பக்கம் மலைச்சுவர் எழும்பி நிற்கிற இடத்தில் சமிக்ஞை பட்டுத் தெறித்து, புள்ளி ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் போய் நிற்கும். இரண்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும். முதலில் ரோட்டின் ஏற்ற இறக்கத்தைத் தனியாக அளந்து வைத்துக்கொண்டு, அதை உணரியின் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். கடும் திருப்பம் என்பதும் இப்படித்தான். நீளமான பஸ்ஸின் பின் சில்லு முன் சில்லு போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டும். முழு ரோட்டையும் எடுக்காமல் கொண்டை ஊசியில் பஸ்ஸைத் திருப்பவே முடியாது. செயலி ஒவ்வொரு முடக்கிலும் அதைக் குற்றமாக எழுதியது.

நான் இதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் காரியம் நடந்துவிட்டது. திருத்தாத புள்ளி அட்டவணையை அந்த நிறுவனம் ஒரு பஸ் முதலாளிக்குக் காட்டியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் கடைசி இடத்தில் இருந்தவர் இருபது வருடத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஓடுகிறவர், நான் ஏறியவர்களில் என் அம்மாவை நம்பி ஏற்றிவிடக்கூடியவர் யார் என்று கேட்டால் முதலில் அவரைத்தான் சொல்வேன். முதலாளி அவரைக் கூப்பிட்டு, வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் ஸ்டேண்டில் அவர் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. எனக்குக் கை கால் நடுங்கியது. அன்றைக்கே கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு கொப்பியைச் சாய்த்து, அதன் மேல் போனை வைத்து, அசையாத போன் பிரேக் பிடிப்பதாகக் காட்டுவதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். அவர் நியாயமான மனுசன், விளங்கிக்கொண்டார். வேலை தப்பியது. ஆனால் ஸ்டேண்டில் கதை பரவி, பல மாதம் எந்தச் சாரதியும் என்னை முன் சீட்டில் உட்கார விடவில்லை.

அதனால் சொல்கிறேன், பணம் தருகிற யாரோடும் முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம் வையுங்கள். தனி ஆளின் பெயரோ பஸ் இலக்கமோ தெரிகிற எந்தத் தரவும் முதலாளிக்கோ பொலிஸுக்கோ காப்புறுதிக்கோ போகாது என்று அதில் இருக்க வேண்டும். பெயருக்கும் குறியீட்டுக்கும் உள்ள தொடர்பு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், அதை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடாமல் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். நடத்துனரையும் விட்டுவிடாதீர்கள், அவருடைய குரலும் ஒளிப்பதிவில் விழுகிறது.

திரும்ப அவர்களோடு ஒட்டுவதற்கு நான் செய்தது ஒன்றுதான். எந்தக் கருவியும் இல்லாமல் வெறுங்கையோடு ஏறி, என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். என்னைக் கேள்வி கேட்ட அதே அண்ணன்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கீழ எறங்குறப்ப பிரேக்க மிதிச்சிக்கிட்டே வர்றவன நம்பாத தம்பி. ஏறுறப்ப எந்த கியரோ அதே கியர்ல எறக்கணும்" என்றார். இதன் பின்னால் இருக்கிற கணக்கு பயங்கரமானது. ஆட்களோடு 12 தொன் இருக்கிற பஸ் 500 மீற்றர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 59 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். சாதாரணத் தண்ணீர் 170 லீற்றருக்கு மேல் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. கியரில் இறக்கினால் அதில் பெரும் பங்கை இயந்திரம் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் முழுக்கவும் பிரேக் டிரம்முக்குப் போய், லைனர் பிடியை இழக்கும். ஆகவே இறக்கத்தில் நல்ல சாரதியை அடையாளம் காட்டுகிற முடிவு முடக்குக்கு வெகு முன்னாலேயே, கியர் கம்பியில் எடுக்கப்படுகிறது. என் செயலி அதைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. அவர் கொண்டை ஊசிக்குள் நுழைவதற்கு முன் ரோட்டைப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்கி மேல் மட்டத்து ரோட்டைப் பார்க்கிறார். தேயிலைச் செடி தாழ்வாக இருப்பதால் இரண்டு மூன்று அடுக்கு மேலே வருகிற லொறிகூடத் தெரியும், அதை மனதில் குறித்துவைத்துக்கொண்டு எந்த முடக்கில் சந்திப்போம், எங்கே ஒதுங்கலாம் என்று முடிவு செய்கிறார். அதே ஆள் மேலே ஒன்றும் தெரியாத பைனஸ் மரக் காட்டுக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்து ஹோர்னை நீட்டி அடிக்கிறார், மிஸ்ட் இறங்கினால் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுக்கிறார். வலப்பக்க முடக்கில் முன் கண்ணாடித் தூண் எதிரே வருகிற ஆட்டோவை முழுசாக மறைக்கும், அதற்காக ஸ்டியரிங் மேல் நெஞ்சு படுகிற அளவுக்குக் குனிந்து தூணைச் சுற்றி எட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்தால் முதுகு வலிக்குமே என்று தோன்றும். அது அந்த பஸ்ஸின் வடிவக் குறை, அவர் உடம்பால் அதை ஈடு செய்கிறார். வாகன வடிவமைப்புக்கு உதவுகிற தரவு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

வளைவில் சாரதியின் கண் உள்விளிம்பின் தொடுபுள்ளியில்தான், அதாவது பார்வைக்கோடு வளைவின் உள்விளிம்பைத் தொடுகிற இடத்தில்தான், நிற்கிறது என்று லாண்ட், லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் எழுதினார்கள், அதைத்தான் நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒழுங்கான வளைவுகளுக்கு அது சரி. முன்னே போகிற வாகனத்தின் இடைவெளியை வைத்து வேகத்தைச் சொல்கிற கிப்ஸின் 1981ஆம் ஆண்டுக் கணித மாதிரி, ட்ரைபர் குழுவின் 2000ஆம் ஆண்டுக் கணித மாதிரி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன், ஆனால் கினிகத்தேனை இறக்கத்தில் நம் ஆள் பெரும்பாலும் யாரையும் பின்தொடர்வதில்லை, இன்னும் கண்ணில் படாத வாகனத்துக்காக ஓட்டுகிறார். கடைசியில் கைகொடுத்தது கிப்சனும் குரூக்ஸும் 1938இல் எழுதிய பழைய கட்டுரை. சாரதி எப்போதும் தனக்கு முன்னால் பத்திரமாகப் போகக்கூடிய ஒரு வெளியைக் காண்கிறார், அந்த வெளி சுருங்க விரிய வேகத்தையும் திசையையும் மாற்றுகிறார் என்பது அவர்கள் சொன்னது. தேயிலைக்கும் பைனஸுக்கும் நடுவில் அந்த வெளி விரிந்து சுருங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். புதுசு என்பதற்காக ஒரு மாதிரியை எடுக்காதீர்கள், உங்கள் ரோட்டில் சாரதி எதற்குப் பதில் செய்கிறார் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நேரப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் வந்து போகிற நேரத்தைப் புத்தகத்தில் எழுதுகிற டைம் கீப்பரிடம் தாமதமாகப் போனால் தண்டம், அடுத்த பஸ் ஆட்களை அள்ளிவிடும், முதலாளிக்கு அன்றைய கணக்கு குறையும். வட்டவளையில் மழை, மண்சரிவு என்று பத்து நிமிசம் நின்றால் அந்தப் பத்து நிமிசத்தை இறக்கத்தில்தான் பிடிக்கப் பார்ப்பார்கள். மிஷோன் என்ற ஆய்வாளர் 1985இல் சாரதியின் வேலையைப் பயணத் திட்டம், ரோட்டில் முந்துவது ஒதுங்குவது போன்ற நகர்வுகள், வாகனக் கட்டுப்பாடு என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். நாம் கருவியால் அளப்பது கடைசி அடுக்கை மட்டும். மேல் அடுக்கில் டைம் கீப்பரின் புத்தகம் இருக்கிறது, அதைப் படம் பிடித்து ஒவ்வொரு பயணத்தோடும் சேர்த்து வைக்காவிட்டால் ஏன் அன்றைக்கு மட்டும் வேகமாக இறங்கினார் என்று பிறகு எந்தக் கணக்கும் சொல்லாது.

இந்த நடுவில்தான் 2023 ஜனவரி 20 நானுஓயா விபத்து. ரதெல்ல குறுக்கு வீதி இறக்கத்தில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ், வான், ஆட்டோ மூன்றும் மோதி 7 பேர் போனார்கள். அந்த இறக்கம் எனக்குத் தெரிந்த இறக்கம். அன்றிரவு விட்டுவிடும் எண்ணத்தை விட்டேன். அதற்குப் பிறகும், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் 20 பேருக்கு மேல், செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். ஒவ்வொரு தடவையும் சாரதி தூங்கினாரா, குடித்தாரா என்ற கேள்வி முதலில் வருகிறது. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த வாகனம் அந்த இறக்கத்தில் மனுசன் ஒருவன் களைத்துப்போவதற்கு இடம் வைத்து செய்யப்பட்டதா என்றும் கேட்க வேண்டும், அதைக் கேட்கத் தரவு வேண்டும்.

கியரை எப்படி அளப்பது என்பதுதான் என் ஆய்வைக் காப்பாற்றியது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று தடவை வெடிக்கிறது. நிமிசத்துக்கு 1500 சுற்று என்றால் செக்கனுக்கு 75 அதிர்வு. போனின் ஒலிவாங்கியிலேயே அது பதிகிறது, 75 சரியாக விழாவிட்டால் அதன் மடங்கான 150இல் தேடுங்கள். சுழற்சி தெரிந்தால், அதை ஜிபிஎஸ் வேகத்தால் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கியரும் தனித்தனிக் கூட்டமாக வந்து நிற்கும். சுங்கத்தில் வரி கட்டி வாங்கிய கருவி செய்ய வேண்டிய வேலையைப் பழைய போன் சும்மா செய்தது. ஒரே தொல்லை பஸ்ஸில் போடுகிற பாட்டு, அந்த பேஸ் சத்தம் சரியாக இதே இடத்தில் வந்து விழுகிறது. பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், நிறுத்தினால் பயணிகளும் சாரதியும் வழக்கம்போல் இருக்க மாட்டார்கள். போனை ஸ்பொஞ்சில் சுற்றி என்ஜின் மூடியோடு ஒட்டி வைத்தால் இயந்திரச் சத்தம் மேலே வரும். ஆனால் அங்கே சூடு அதிகம், போன் நின்றுவிடும், அதனால் வெளி ஒலிவாங்கி ஒன்றை வயரில் நீட்டுவது நல்லது. மூன்றாம் கியரில் இறங்கினாரா நாலாம் கியரில் இறங்கினாரா என்பது முடக்குக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, பிரேக் எண்ணிக்கையைவிட அது நூறு மடங்கு பேசியது.

பயணம் முடிந்ததும் அங்கேயே, கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒளிப்பதிவில் இரண்டு மூன்று இடத்தைக் காட்டி "இங்க ஏன் அண்ணே ஒதுங்கினீங்க?" என்று கேளுங்கள். மறுநாள் கேட்டால் மறந்திருக்கும், அல்லது நமக்குப் பிடிக்கிற பதிலைச் சொல்வார்கள். நான் ஆபத்தான நெருக்கம் என்று குறித்து வைத்த இடங்களில் பல, இரண்டு சாரதிகளும் தூரத்திலேயே லைட் அடித்துப் பேசி முடித்துக்கொண்டவை. நான் ஒன்றுமில்லை என்று விட்ட ஒரு இடத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார், பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டுகிற எயார் மீற்றர் முள் இறங்கியிருந்ததாம். அந்த மீற்றர் ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது, குனிந்தால்தான் தெரியும்.

ஆய்வை முடித்துக் கொடுத்துவிட்டேன். நான் அளக்காமல் விட்டது பிரேக் டிரம்மின் சூடு. அதுதான் அடுத்தவர் செய்ய வேண்டியது, செய்தால் என் கியர்க் கணக்கோடு சேர்த்து எந்த இறக்கத்தில் எத்தனையாவது கிலோமீற்றரில் சாரதிக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், அந்த எச்சரிக்கை விளக்கை எயார் மீற்றரோடு சேர்த்துக் கண்ணுக்கு நேரே வைக்கவும் கேட்கலாம். டிரம்முக்குக் கிட்ட எதைப் பொருத்துவதாக இருந்தாலும் மெக்கானிக்கின் கையால் மட்டும் பொருத்துங்கள், சாரதி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பயணிகள் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கியர் பிரிக்கிற கணக்கும் ஹட்டன் - கினிகத்தேனை ரோட்டின் ஏற்ற இறக்க அளவும் என்னிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் கேட்டால் தருகிறேன், பெயர் விவரம் ஒன்றும் அதில் இல்லை.